வெர்சாய் நீரூற்றுகள் ஏன் நாள் முழுக்க ஓடுவதில்லை?

கேள்வி (பயணப்பிரியன்):
ரஷ்யாவின் பீட்டர்ஹாஃப் அரண்மனையில் கோடை முழுவதும் பகலெல்லாம் நீரூற்றுகள் ஓடுகின்றன. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் குறிப்பிட்ட நாட்களில், சில மணி நேரம் மட்டுமே. அந்தத் தோட்டத்தை அமைத்த மன்னர் 14ஆம் லூயியிடம் பணத்துக்கா பஞ்சம்?

பதில் (நீர்மட்டம்):
பணம் தாராளமாக இருந்தது, இடம்தான் வாகாக இல்லை. அவருடைய தந்தை 13ஆம் லூயி 1623இல் வேட்டைக்காகத் தேர்ந்தெடுத்த இடம் அது. பக்கத்தில் ஆறு கிடையாது. சேன் ஆறு பல கிலோமீட்டர் தள்ளி, நூறு மீட்டருக்கும் மேலான பள்ளத்தில் ஓடுகிறது.

நீர்த்தேக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் தண்ணீர் பீறிடும். குழாயின் உராய்விலும் வளைவுகளிலும் அழுத்தம் குறைவதால், அந்த மட்டத்தை அது எட்டவே எட்டாது. எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் தேக்கம் சீக்கிரம் காலியாகும். அதனால் மன்னர் நெருங்கும்போது விசில் அடித்து எதிரில் உள்ள ஊற்றைத் திறப்பார்கள், அவர் கடந்ததும் மூடுவார்கள். உலகமே வியந்த தோட்டம் இப்படிப் பங்கீட்டுத் தண்ணீரில்தான் ஓடியது!

பதில் (சக்கரம்):
தண்ணீரை மேலேற்ற 1681 முதல் 1684 வரை மார்லி இயந்திரத்தைக் கட்டினார்கள். சேன் ஆற்றில் 14 சக்கரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் விட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகள் மூன்று கட்டமாகச் சுமார் 160 மீட்டர் உயரத்துக்கு ஏற்றின. கோளாறு எங்கே என்றால், மேல் கட்டப் பம்புகளுக்கான விசை மலைச்சரிவு நெடுக நீளும் தண்டுகள் வழியாகப் போனது. இணைப்புக்கு இணைப்பு உராய்வு, தேய்மானம். ஏறிய தண்ணீரிலும் பெரும்பங்கு, பக்கத்தில் மன்னருக்கு இருந்த இன்னொரு மாளிகையான மார்லியின் தோட்டத்துக்கே போய்விட்டது.

அடுத்து 1685இல் யூர் ஆற்றை வெர்சாய்க்குத் திருப்பக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். வேலைக்கு வந்த படைவீரர்கள் காய்ச்சலில் ஏராளமாக மாண்டனர். 1688இல் போர் மூண்டதும் வேலை நின்றது. அந்தத் தண்ணீரைக் கொண்டுபோக மெய்ன்டெனோன் ஊரில் கட்டிப் பாதியில் விட்ட பால வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

பதில் (நீர்மட்டம்):
பீட்டர்ஹாஃபைக் கட்டிய ரஷ்ய மன்னர் ஜார் பீட்டர் 1717இல் வெர்சாயையும் மார்லியையும் நேரில் பார்த்தவர். பீட்டர்ஹாஃபில் அரண்மனை மேட்டு விளிம்பில், கீழ்ப்பூங்காவுக்கு 16 மீட்டர் மேலே நிற்கிறது. ரோப்ஷா மேட்டு ஊற்றுகளிலிருந்து 1721இல் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். பம்பே வேண்டாம், சரிவே போதும். ஓடிய தண்ணீர் கடலில் கலந்துவிடும், ஊற்றிலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி (பயணப்பிரியன்):
இன்று வெர்சாயில் மோட்டார் இருக்கிறதே?

பதில் (சக்கரம்):
இருக்கிறது. ஆனால் தோட்டத்தின் பெருங்கால்வாயில் சேரும் தண்ணீரைத் திரும்பத் தேக்கங்களுக்கு ஏற்றத்தான் அது. அங்கிருந்து இறங்குவது அந்தக் காலம் போலப் புவியீர்ப்பில்தான், 17ஆம் நூற்றாண்டு வார்ப்பிரும்புக் குழாய்கள் பலவற்றின் வழியாக. வால்வுகளை இன்றும் பெரிய சாவி போட்டுக் கையால் திருகுகிறார்கள். தேக்கம் நிறைந்தால்தான் அடுத்த காட்சி. போகும் முன் அட்டவணையைப் பாருங்கள். உள்தோப்புகள் பலவும் அந்த நாட்களில்தான் திறந்திருக்கும்.