குயின் கட்டில் குவில்ட்டுக்குக் கம்பளி பேட்டிங்: எதை எடுப்பது?

நூல்கண்டு:
வணக்கம். ஒன்டாரியோ குளிருக்கு ஒரு பேட்ச்வொர்க் குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் மூன்றடுக்குப் போர்வை. மேல்துணி தயார்: தைத்து முடிந்த அளவில் 6 அங்குலச் சதுரங்கள், அகலத்தில் 15, நீளத்தில் 16, ஆக 90×96 அங்குலம். பாதி வெள்ளை, பாதி கருநீலம், எல்லாமே காட்டன். அடித்துணியும் கருநீலம். வீட்டு மிஷின்தான், ஊசிக்கு வலப்பக்கம் 8 அங்குலம் இடம் உண்டு. வாக்கிங் ஃபுட் (மேலடுக்கையும் அடியடுக்கையும் சேர்த்து நகர்த்தும் மிஷின் பாதம்) போட்டு, சதுரங்களின் மூட்டுப் பள்ளத்திலேயே நேர்கோடாக ஓட்டுவதாகத் திட்டம்.

கனம் கூடாது, கதகதப்பு வேண்டும் என்பதால் பேட்டிங், அதாவது இரண்டு துணிக்கும் நடுவே வைக்கும் அடுக்கு, கம்பளி. மூன்று கிடைக்கிறது: ஹாப்ஸ் ஹெர்லூம் கம்பளி, குவில்டர்ஸ் ட்ரீம் கம்பளி, பண்ணையில் சீவித் தரும் வெறும் கம்பளித் தகடு. கருநீலத்தின் வழியாக வெள்ளை இழை எட்டிப் பார்க்குமா? மிஷினில் துவைக்கலாமா? பேட்டிங்கை முதலில் நனைத்து எடுக்க வேண்டுமா?

சதுரக்கட்டம்:
பாக்கெட்டின் பின்பக்கத்தில் தையல் இடைவெளி என்று ஒரு எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஹாப்ஸ் ஹெர்லூமில் இழைகளை ரெசின் என்ற பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு 4 அங்குலம். ட்ரீம் ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னியது, அதற்கு 8 அங்குலம். இரண்டு தையலுக்கு நடுவே பிடிப்பில்லாத வெற்றிடம் அந்த எண்ணைத் தாண்டினால், நாலைந்து துவைப்பில் கம்பளி அங்கங்கே ஒதுங்கிக் கட்டியாகும். குவில்ட்டை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் மெலிந்த இடங்கள் பளிச்சென்று தெரியும்.

உங்கள் திட்டத்தில் கோட்டுக்குக் கோடு 6 அங்குலம். ட்ரீம் அப்படியே தாங்கும், ஹாப்ஸ் தாங்காது. மூட்டை விட்டுவிட்டு மூலைக்கு மூலை குறுக்காக மட்டும் ஓட்டினாலும் கோடுகளுக்கு நடுவே சுமார் 4¼ அங்குலம் வரும், அதுவும் எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது. மூட்டுப் பள்ளத்திலும் ஓட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் ஓட்டினால் ஒவ்வொரு சதுரமும் நான்கு முக்கோணமாகும், உயரம் 3 அங்குலம். அதற்கு ஹாப்ஸ் தாராளம். நூலும் நேரமும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆனால் கம்பளியின் அழகே தையல் பள்ளமும் நடுவில் உப்பலும்தான். வெறும் 6 அங்குலச் சதுரத்தில் அது பாதிதான் தெரியும். எனக்குக் கேட்டால் இரண்டில் எதை வாங்கினாலும் மூலைவிட்டத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் மாட்டிக்கொள்வது. ‘குயின்’ என்று போட்ட பாக்கெட் பெரும்பாலும் 90×108 அங்குலம். உங்கள் மேல்துணியே 90 அகலம். வீட்டு மிஷினில் ஓட்டும்போது துணி நகரும், தைக்கத் தைக்க உள்ளே இழுக்கும். பக்கத்துக்கு 3 முதல் 4 அங்குலமாவது வெளியே இருக்க வேண்டும். அப்படியானால் குறைந்தது 96×102 தேவை. 120×120 கிங் பாக்கெட் வாங்குங்கள், மிச்சம் மாதிரித் துண்டுக்கும் தலையணை உறைக்கும் ஆகும். ஒட்டுப்போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாதீர்கள், மேடு விழும். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அலை அலையாக ஒரே வெட்டாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, அகலமான ஜிக்ஜாக்கில் இழுக்காமல் தைக்கலாம். இஸ்திரிபோட்டு ஒட்டும் டேப் கம்பளிக்கு வேண்டாம், அந்தப் பட்டை மட்டும் அமுங்கித் தட்டையாகும்.

இழை_எண்:
பாதி வெள்ளை, பாதி கருநீலம்னா இழை வெளிய வர்றதுதான் பெரிய கவலை, சரியாத்தான் கேட்டிருக்கீங்க. கறுப்பு பேட்டிங் போட்டுத் தப்பிக்கவும் வழியில்ல, வெள்ளைச் சதுரம் சாம்பல் நிறமாத் தெரியும்.

இழை ரெண்டு வழியா வருது. ஒண்ணு நெசவு இடைவெளி. இன்னொண்ணு ஊசி போட்ட ஓட்டை. நெருக்கமா நெய்த துணின்னா முதல் வழி அடைபடும். மேல்துணி ஏற்கெனவே தைச்சாச்சு, மாத்த முடியாது, ஆனா அடித்துணி இன்னும் உங்க கையில இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நெசவுக் கட்டம் கண்ணுக்குத் தெரியற மலிவு விரிப்புத் துணி வேண்டாம். பத்திக் (மெழுகு வெச்சுச் சாயம் போட்ட துணி) பரவாயில்ல, நெருக்கமான நெசவு.

ஊசி புதுசு போடுங்க: குவில்ட்டிங் ஊசி இல்லேன்னா மைக்ரோடெக்ஸ்ங்கற கூர்முனை ஊசி, 80/12 அளவு. நூல் 40 வெயிட்னா (கொஞ்சம் தடிச்ச நூல்) 90/14 டாப்ஸ்டிச், அதாவது காது பெருசா இருக்கற ஊசி. முனை மழுங்கின ஊசி துணியைக் குத்தாம கம்பளியைத் தள்ளிக்கிட்டே போகும், அடிப்பக்கம் ஒவ்வொரு தையல்லயும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி நிக்கும். அதைப் பார்த்துட்டு பேட்டிங் மோசம்னு சொல்றவங்கதான் அதிகம். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசின்னு கணக்கு வெச்சா, இந்த அளவு குவில்ட்டுக்கு மூணு நாலு ஊசி ஆகலாம்.

அப்புறம், வெளிய வந்த இழையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. ஒண்ணை இழுத்தா கூடவே நாலு வரும், வந்த வழியும் பெருசாகும். அந்த இடத்துல துணியை ரெண்டு பக்கமும் விரலால பிடிச்சு மெதுவா விலக்குங்க, இழை தானா உள்ள போகும். போகலேன்னா கத்தரியால ஒட்ட வெட்டிடுங்க.

14 அங்குலச் சதுரமா ஒரு மாதிரி சாண்ட்விச் (மேல்துணி, பேட்டிங், அடித்துணி மூணும் அடுக்கினது) தைங்க, இதே வெள்ளை, இதே கருநீலம், இதே அடித்துணி. அதைத் துவைச்சுக் காயவெச்சு, கருநீலப் பக்கத்தை உள்ளங்கையால ஒரு நிமிஷம் நல்லாத் தேச்சுப் பாருங்க. இழை வர்றதா, நீலச் சாயம் வெள்ளைல இறங்கறதா, எவ்வளவு சுருங்குதுன்னு மூணும் ஒரே துண்டுல தெரிஞ்சுடும்.

பண்ணைத் தகட்டை இதுக்கு எடுக்காதீங்க. ஒட்டும் இல்ல, பின்னலும் இல்ல, வெறும் சீவின இழை. ரெண்டு பக்கமும் மெல்லிய மஸ்லின் போட்டு மூடணும், 2 அங்குலத்துக்கு ஒரு கோடு ஓட்டணும். சரியாக் கழுவாததா இருந்தா கம்பளி எண்ணெய் வெயில்ல வாடை அடிக்கும். நூல் முடிச்சுப் போட்டுக் கட்டற கனமான கம்ஃபர்டர் போர்வைக்கு அது நல்ல பொருள்தான்.

மிஷின்மேசை:
தைக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாக்கெட்டில் மடிந்து கிடந்த கோடு இருந்தால் முந்தைய இரவே கட்டில் மேல் விரித்து விடுங்கள். மீதிக்கு இஸ்திரியை ஓர் அங்குலம் மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டினால் போதும். இஸ்திரி பேட்டிங்கில் படக்கூடாது. டிரையரில் ஈரத் துண்டோடு சூடில்லாமல் பத்து நிமிடம் சுற்றினாலும் எழும்பிவிடும்.

கம்பளி உப்பியிருப்பதால் மூன்று அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அடித்துணியைத் தரையில் டேப் வைத்து இறுக்கமாக ஒட்டுங்கள், ஆனால் இழுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி அடியில் கொசுவம் விழும். வளைந்த ஊக்குகளை ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒன்றாக, அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். 90×96-க்கு ஐந்நூற்றுக்கு மேல் ஊக்கு வேண்டும், முன்கூட்டியே எண்ணி வாங்கிவிடுங்கள். தையல் ஓடப்போகும் மூட்டின் மேல் குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குத்தினால் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கழற்ற வேண்டாம். ஒட்டும் ஸ்ப்ரே மட்டும் நம்பினால் கம்பளியில் பிடி போதாது, ஓரங்களில் ஊக்கும் சேர்க்க வேண்டும்.

தையல் நீளம் 3 மி.மீ. பாதத்தின் அழுத்தம் குறைக்க முடிகிற மிஷின் என்றால் ஒரு படி குறையுங்கள். அழுத்தம் அதிகமானால் பாதத்துக்கு முன்னால் துணி ஒரு சின்ன அலையாகத் தள்ளிக்கொண்டே வரும், குறுக்குக் கோட்டைச் சந்திக்கும் இடத்தில் அந்த அலை மடிப்பாகத் தைபட்டுவிடும். கண் ஊசியில் இருந்தால் அது தெரியாது. பாதத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் பாருங்கள்.

முதலில் நடு மூட்டு, நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று. பிறகு அங்கிருந்து வெளிப்பக்கமாக மற்ற மூட்டுகள். மூலைவிட்டங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை எதிரெதிர்த் திசையில் ஓட்டினால் நடுவிலுள்ள பட்டை முறுக்கிச் சாய்வுக் கோடுகள் விழும், எல்லாவற்றையும் ஒரே ஓரத்திலிருந்து தொடங்குங்கள். 8 அங்குல இடைவெளிக்குள் பாதிக் குவில்ட் புக வேண்டியிருப்பது நடுக்கோட்டுக்கு மட்டும்தான். கம்பளி நன்றாக அமுங்கும் என்பதால் காட்டனைவிட இது எளிது. குவில்ட்டின் கனம் மேசைக்குக் கீழே தொங்கக் கூடாது, இடப்பக்கமும் பின்பக்கமும் ஒரு மேசை சேர்த்துப் போடுங்கள். தொங்கினால் தையல் குட்டையாகும், சில மிஷினில் ஊசியே வளையும்.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. ட்ரீம் கம்பளி, கிங் அளவு, மூட்டோடு மூலைவிட்டமும் என்று முடிவு. துவைப்பதையும் கோடையில் எடுத்து வைப்பதையும் யாராவது சொல்லுங்களேன்.

இழை_எண்:
பேட்டிங்கை முன்கூட்டியே நனைக்காதீங்க. தனியா நனைச்சா கலைஞ்சு போகும். கருநீல அடித்துணியைத்தான் முன்னாடியே துவைக்கணும், தண்ணி நீலமா வர்றது நிக்கற வரைக்கும். மேல்துணி தைச்சாச்சுங்கறதால முதல் துவைப்புல சாயம் பிடிக்கும் தாள் ரெண்டு மூணு சேர்த்துப் போடுங்க, தண்ணியும் நிறைய விடுங்க. முடிஞ்சதும் ஈரத்தோட மடிச்சு வைக்கவே கூடாது, ஒட்டி இருக்கற இடத்துல சாயம் இறங்கிடும்.

குளிர்ந்த தண்ணி, மென்மையான சுற்று, முன்பக்கம் திறக்கற மிஷின். கம்பளி இழை மேல செதில் செதிலா இருக்கும். சூடும் குலுக்கலும் சேர்ந்தா செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டி இறுகிடும், பிறகு பிரிக்கவே முடியாது. கறை நீக்கற என்சைம் சேர்த்த சோப்புத்தூள் வேண்டாம், கம்பளியும் புரதம்தான், அதையும் அரிக்கும். குளோரின் பிளீச் சொட்டுக்கூட ஆகாது, கம்பளியைக் கரைச்சுடும். காயவைக்கறப்போ ஒரு ஓரத்தைப் பிடிச்சுக் கயித்துல தொங்க விடாதீங்க, ஈரக் கனம் தையலை இழுக்கும். விரிப்பு போட்டுக் கட்டில் மேலயே பரப்பி, பாதி காய்ஞ்சதும் திருப்பிப் போடுங்க.

வாராவாரம் துவைக்கணும்ங்கற குழந்தை கட்டிலா இருந்தா கம்பளியே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், 80/20 காட்டன்-பாலியெஸ்டர் போதும். பெரியவங்க கட்டிலுக்கு வருஷத்துக்கு ரெண்டு தரம் துவைச்சா தாராளம், மத்த நாள்ல வெளியில காத்தாடப் போட்டாலே வாடை போயிடும்.

சதுரக்கட்டம்:
எடுத்து வைக்கும் முன் கட்டாயம் துவையுங்கள். அந்துப்பூச்சியின் புழுதான் கம்பளியைத் தின்னும், வியர்வையும் எண்ணெயும் ஏறிய இடத்தைத்தான் முதலில் தேடும். நன்றாகக் காய்ந்தபின் காட்டன் உறையில் கட்டி வையுங்கள். அந்துருண்டை போட்டால் அந்த வாடை அடுத்த குளிர்காலம் வரை போகாது. புழு பட்டதாகச் சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப்போகாமல் கட்டி, பெரிய ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.