ஒரே ரோடு, திரும்பத் திரும்ப அதே முகங்கள்: டார்வினிலிருந்து தெற்கே

கொங்குத்தம்பி:

ஆஸ்திரேலியாவின் நடுவே டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். பெரும்பகுதி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. விட்டால் வேறு ரோடு கிடையாது. அதனால் காலையில் பெட்ரோல் போடும்போது பார்த்த ஆளை மத்தியானம் அடுத்த ரோட்ஹவுஸில், அதாவது பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கிற வழிக்கடையில், பார்ப்போம், ராத்திரி பார்த்தால் பக்கத்து வண்டியில் அவரே முட்டை பொரித்துக்கொண்டிருப்பார். வேண்டாம் என்றாலும் பழகித்தான் ஆக வேண்டும்.

நானும் என் ஹாஸ்டல் காலத்து நண்பனும் அக்டோபரில் போனோம். அவன் மெல்போர்னில் படிப்பை முடித்திருந்தான். டார்வினில் நாங்கள் தங்கியது அடுக்குக் கட்டில் போட்ட ஹாஸ்டல் அறை. எதிர்க் கட்டிலில் ஒரு பிரெஞ்சுப் பையன். இரண்டு முன்கையிலும் கோடு கோடாகக் கறுத்துப்போய், ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. ஏதோ சூடு பட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். நண்பன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “டேய், இது மாம்பால்டா” என்றான். கிருஷ்ணகிரிப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்குத் தோப்பு உண்டு.

அவன் சொன்னது சரிதான். பையன் கேத்தரின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மாங்காய் பறிக்கிறான். வொர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்த அவனைப் போன்றவர்களுக்கு இரண்டாம் வருட விசா வேண்டுமென்றால் 88 நாள் இந்த மாதிரி வேலை பார்த்திருக்க வேண்டும். காம்பை ஒடித்ததும் பால் பீறிட்டு அடிக்குமே, அதுதான் கையைப் பதம் பார்த்திருக்கிறது. அங்கே சோப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைத் தெளித்துக்கொண்டே காம்பை வெட்டுகிறார்களாம். எங்கள் ஊரில் காம்போடு பறித்து, அப்புறம் ஒடித்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுவோம் என்று இவன் கையாலேயே நடித்துக் காட்டினான். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, மாங்காய்ப் பேச்சு மட்டும் நள்ளிரவு வரை ஓடியது. அங்கே அதிகம் விளையும் கென்சிங்டன் பிரைடு ரகமே இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிப்போன கப்பல்கள் வழியாக வந்தது என்றுதான் பேச்சு.

அங்கிருந்து கேம்பர்வேன், அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் வண்டி. மத்தரங்காவில் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி அறிமுகமானார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு கேரவனோடு மாதக்கணக்கில் சுற்றுகிற இந்த மாதிரி தாத்தா பாட்டிகள் அந்த ரோடு முழுக்க இருக்கிறார்கள். மறுபடி டேலி வாட்டர்ஸில் அவர்களைப் பார்த்தோம். அங்கேதான் ஈ. கடிக்கிற ஈ இல்லை. அதற்கு வேண்டியது கண்ணோரத்து ஈரமும் உதட்டோரத்து எச்சிலும்தான். விரட்டினால் ஒரு விரற்கடை தள்ளிப்போய் அங்கேயே வந்து உட்காரும். பாட்டி ஒன்றும் சொல்லாமல் கேரவனுக்குள் போய் இரண்டு முகவலைகளைக் கொண்டுவந்து எங்கள் தொப்பி மேல் மாட்டிவிட்டார். கண்ணாடி பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதைக் கழற்றவில்லை.

மறுநாள் கார்லு கார்லுவில், அதாவது உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற டெவில்ஸ் மார்பிள்ஸில், நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தாத்தா நாற்காலியை ரோட்டைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தி நேரத்தில் கங்காருவும் வேலி இல்லாமல் மேயும் மாடும் ரோட்டுக்கு வந்துவிடும். ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டி இடித்தால் வாடகை வண்டியின் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் கைகொடுக்காது. “இருட்டறதுக்குள்ள வந்துடுவோம்” என்று முதல்நாள் நாங்கள் பேச்சுவாக்கில் சொன்னதை அவர் கணக்கில் வைத்திருக்கிறார்.

அடுத்து ஒரு ரோட் ட்ரெயின் ஓட்டுநர். ரோட் ட்ரெயின் என்றால் பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கிற லாரி, 53.5 மீட்டர் வரை நீளம் போகலாம். ரோட்ஹவுஸில் காபி வாங்க நின்றபோது “இந்தியாவில் எங்கே?” என்றார். சென்னை என்றால் புரியும் என்று அதையே சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு “மெட்ராஸா? டீன் ஜோன்ஸ்!” என்றார். 1986இல் சேப்பாக்கத்தில் டை ஆன டெஸ்ட். ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார், முடியவில்லை என்றபோது கேப்டன் ஆலன் பார்டர் ‘அப்போ கெட்டியான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிடுகிறேன்’ என்று சீண்டினார், அப்புறம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள் எனப் பந்து பந்தாகச் சொல்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அப்போது பிறக்கவே இல்லை. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: “என்னை ஓவர்டேக் செய்ய ஒரு கிலோமீட்டருக்கு மேல் எதிரே காலியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பின்னாலேயே வா, நான் ஒன்றும் கடிக்க மாட்டேன்.”

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய தந்தி நிலையத்தைத் தவறவிடாதீர்கள். 1872இல் அடிலெய்டையும் டார்வினையும் இணைத்த தந்திக் கம்பி அந்த வழியாகத்தான் போனது. டார்வினிலிருந்து கடலடிக் கேபிளில் ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு, அங்கிருந்து நம் மெட்ராஸ், அப்புறம் லண்டன். அந்தப் பாலைவனக் கல் கட்டடத்துச் செய்தி சென்னையைத் தொட்டுத்தான் போயிருக்கிறது.

உலுரு என்ற அந்தப் பெரிய செம்பாறை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆலிஸிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். 2019 அக்டோபரிலிருந்து மேலே ஏற விடுவதில்லை, நல்ல முடிவு. அடிவாரத்தில் ரேஞ்சர் ஒருவர் அங்கத்திய பூர்வகுடிகளான அனங்கு மக்களின் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார். ஒரு சுற்றுலாப் பயணி “அப்புறம் என்ன ஆச்சு?” என்றார். “வெளியாருக்குச் சொல்லலாம் என்று விட்டது இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாக் கதையும் டிக்கெட் வாங்கினவனுக்கு உரியதா என்ன?

கூபர் பீடியில் ஓபல் என்ற ரத்தினக்கல்லைத் தோண்டுகிற ஊர்க்காரர்கள் பலர் வெயிலுக்குப் பயந்து பாறையைக் குடைந்து குடியிருக்கிறார்கள். நாங்களும் ஒருநாள் நிலத்தடி அறையில் படுத்தோம். விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது.

கடலோர நகரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிலெய்டு, மெல்போர்ன், சிட்னி எல்லாம் அழகுதான். ஒருவரையும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. பாண்டை கடற்கரையில் மட்டும் ஒரு லைஃப்கார்டு விசில் அடித்து எங்களை வெளியே வரச் சொன்னார். மெரினாவில் கால் நனைத்ததோடு சரி என்று நண்பன் உண்மையைச் சொன்னதும், மணலில் உட்கார வைத்துக் காட்டினார்: இரண்டு பக்கமும் அலை உடைகிறது, நடுவே ஓர் இடம் உடையாமல் அமைதியாகக் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. நம் ஆட்கள் பயந்துபோய் அந்த அமைதியான இடத்தில்தான் இறங்குவார்கள். ஆளை உள்ளே இழுப்பதும் அதேதான். சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவே மட்டும் குளியுங்கள்.

பேர்த் அண்ணர்:

தம்பி, நீர் வடக்கு தெற்காகப் போனீர், நானும் மனிசியும் கிழக்கு மேற்காகப் போனோம். மெல்பேர்ணிலிருந்து பேர்த்துக்கு நல்லாபோர் சமவெளி வழியாக. மரமில்லாத வெளி. ஓரிடத்தில் ரோட்டு 146 கிலோமீற்றருக்கு ஒரு வளைவும் இல்லாமல் நேரே கிடக்கும். எதிரே வாற ஆள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நாங்களும் தூக்க வேணும், அதுதான் அங்கத்தை வணக்கம்.

மேற்கு அவுஸ்திரேலிய எல்லையில் வாகனத்தைத் திறந்து சோதிப்பினம். பழம், மரக்கறி, தேன் ஒன்றும் கொண்டுபோக ஏலாது. அப்பிளையும் வெங்காயத்தையும் முதலே சாப்பிட்டு முடித்தோம், ஆனால் மனிசி சிநேகிதி வீட்டு மரத்துக் கறிவேப்பிலையைப் பேப்பரில் சுற்றி ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தா. ஒபிசர் பிள்ளை ஒரு இலையைக் கசக்கி மணந்து பார்த்துவிட்டு, “இது எலுமிச்சைக் குடும்பமல்லோ” என்றா. எங்களுக்கே தெரியாது! எலுமிச்சை, தோடை மரங்களுக்கு வாற நோய் இதிலும் வருமாம். குப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பேர்த்தில் உள்ளூரில் வளர்த்ததே கடையில் கிடைக்கும் என்று மனிசிக்கு ஆறுதலும் சொன்னா. எல்லை தாண்டி யூக்லா பக்கம் போனால் நேரம் முக்கால் மணித்தியாலக் கணக்கில் மாறும். அந்த ஆத்திரத்திலும் மனிசி அதைக் கேட்டுச் சிரித்தா.

தஞ்சாவூர்ப் பொண்ணு:

கொங்குத்தம்பி அண்ணா, ரெண்டு கேள்வி. கேம்பர்வேன் வாடகை தாங்கவே முடியாத விலையாக இருக்கிறதே, எப்படிச் சமாளித்தீர்கள்? அந்த மாங்காய் வேலை விசா நமக்கும் கிடைக்குமா?

கொங்குத்தம்பி:

நாங்கள் எடுத்தது ரீலொக்கேஷன் வண்டி, தங்கச்சி. ஒரு ஊரில் தேங்கிப்போன வண்டியை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் தேடுவார்கள், நாளுக்கு ஒரு டாலருக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் குறித்த நாளுக்குள் சேர்க்க வேண்டும், கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள், தேதியும் நம் இஷ்டத்துக்கு இருக்காது. விசா விஷயம்: பிரெஞ்சுக்காரருடையது 417 என்ற எண்ணுள்ள விசா. நமக்கு 2024இலிருந்து 462 திறந்திருக்கிறது, வருடத்துக்கு 1,000 இடம், 18 முதல் 30 வயது வரை. முதலில் குலுக்கலுக்குப் பதிய வேண்டும், பெயர் வந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அதற்குள் டிக்கெட் போட்டுவிடாதே.