ஜியோகேஷிங்கில் (யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை ஜிபிஎஸ் வச்சுத் தேடுற விளையாட்டு) டப்பா தேடப் போன ஊரில் எவ்வளவு செலவு பண்ணினீங்க?

பாலைவனப்பல்லி:
2014 நவம்பர், அமெரிக்காவில் நெவாடா மாநிலச் சாலை 375. வேற்றுகிரகவாசி நெடுஞ்சாலை. பவர் டிரெயில், அதாவது வரிசையா டப்பா வச்ச பாதை, போனவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 161 மீட்டருக்கு ஒரு பிலிம் டப்பா, இறங்கு, உள்ளே இருக்கிற சீட்டில் ஸ்டாம்ப் அடி, ஏறு. நாலு பேர், ரெண்டு நாள், 700 சொச்சம் டப்பா. தண்ணீர் கேன், பெட்ரோல், புளியோதரை எல்லாம் லாஸ் வேகஸிலேயே ஏத்தியாச்சு.

ரேச்சலில் நிறுத்தியது பாத்ரூமுக்கு. 50 பேர் இருக்கிற ஊர், சாப்பிட ஒரே கடை. வெளியே வரும்போது கவுண்டரில் இருந்த அம்மா "எத்தனை ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "412"ன்னேன், பெருமையா. சிரிச்சுட்டு, நாங்க கேட்காமலே எங்க பாட்டிலில் ஐஸ் நிரப்பிக் கொடுத்தாங்க. ஒரு காபி வாங்கணும்னு நாலு பேரில் ஒருத்தனுக்கும் தோணலை. அன்னைக்கு ராத்திரி இணையத்தில் போடுற லாக் குறிப்பில் 'சின்ன ஊர்களை வாழவைக்கும் விளையாட்டு'ன்னு வேற எழுதித் தொலைச்சிருக்கேன்.

சேலத்துச் சிட்டு:
அண்ணே, ரொம்ப உருகாதீங்க. நாங்க ஆறு பேர் அதே கடையில் பர்கர் சாப்பிட்டு, அலாமோவில் ரெண்டு ரூம் போட்டோம். 2011-ல் சாலைத் துறை பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த டப்பாக்களை எடுக்கச் சொன்னது, அப்புறம் திரும்ப வந்துச்சு. அது இல்லைன்னா அந்தப் பொட்டல்காட்டுக்கு நான் எதுக்குப் போகப்போறேன்? புளியோதரை கட்டிட்டுப் போனது உங்க கஞ்சத்தனம். விளையாட்டு மேல பழி போடாதீங்க.

லீட்ஸ் மாமா:
ரெண்டு பேரும் வரவை மட்டும் பேசுறீங்க. அதே 2011-ல் இங்கே இங்கிலாந்தில், வெதர்பியில் ஒரு கஃபே வெளியே இருந்த டப்பாவைக் குண்டுன்னு நினைச்சு ராணுவம் வந்து வெடிக்க வச்சுது. அன்னைக்கு அந்தத் தெருக் கடைகளுக்கு என்ன வியாபாரம் நடந்திருக்கும்?

என் கதை சின்னது. டப்பா இருக்கான்னு ஒரு பேக்கரி வாசல் பூந்தொட்டியைத் தடவிட்டிருந்தேன். கடைக்காரர் வந்து, "வாரத்துக்கு நாலு பேர் இதைக் கவிழ்க்கிறீங்க, ஒருத்தராவது உள்ளே வந்திருக்கீங்களா?"ன்னார். வெட்கத்தில் மூணு ரொட்டி வாங்கினேன்.

டப்பா வைக்கிறவங்க கேட்டுக்கோங்க. முதலில் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க. கடை வாசலே வேண்டாம், பக்கத்துப் பூங்கா போதும். டப்பாவுக்கான இணையப் பக்கத்தில் 'இங்கே டீ நல்லாயிருக்கும்'னு எழுத முடியாது, விளம்பரம்னு நிராகரிச்சுடுவாங்க. ஆனா வண்டி நிறுத்தும் இடமா சந்தைத் திடலைக் குறிக்கலாமே? அங்கிருந்து நடக்கிறவன் நாலு கடையைத் தாண்டித்தான் போகணும். சுற்றுலாத் துறை காசு கட்டி நடத்துற ஜியோடூர், அதாவது ஊரைச் சுத்திக் காட்டுற டப்பா வரிசை, இன்னும் நல்லது. கண்டுபிடிச்ச டப்பாக்களைக் குறிப்பேட்டில் நிரப்பி, அவங்க அலுவலகத்துக்கே வந்து காசு மாதிரி இருக்கிற பரிசு மெடலை வாங்கணும்னு வைப்பாங்க, ஆள் ஊருக்குள்ள வந்தே ஆகணும். டப்பா தேடுறவங்க 500 பேர் கூடுற மெகா நிகழ்வுன்னா, தங்கவும் சாப்பிடவும் அந்த ஊரை விட்டா வழியில்லை. ஆனா அது ஒரு வார இறுதிக்கூத்து...

பாலைவனப்பல்லி:
மாமா, நான் யோசனை கேட்கலை. சிட்டு, புளியோதரை என் வீட்டம்மா கட்டினது, அதைத் தொடாதீங்க. அந்த ஐஸுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.