நாலாவது பிறந்தநாள்: வீட்டிலேயே, சின்னதா, செலவு கையை மீறாம எப்படி?

மழைத்துளி:
வணக்கம். மகனுக்கு இன்னும் மூணு வாரத்துல நாலு வயசு நிறையுது. போன வருஷம் மண்டபம் எடுத்து அம்பது பேரைக் கூப்பிட்டோம். மைக் சத்தம், பலூன் வெடிக்கிற சத்தம். கேக் வெட்டுற நேரத்துல அவன் என் தோளை விட்டு இறங்கவே இல்லை. எந்த போட்டோவைப் பார்த்தாலும் அழுத முகம்தான். அதுக்கு வாங்கின கடனை அடைக்க அஞ்சு மாசம் ஆச்சு.

இந்தத் தடவை வீட்டிலேயே வைக்கணும்னு நானும் அவரும் முடிவு பண்ணிட்டோம். ஆனா பட்டியல் எழுத உட்கார்ந்தா மறுபடியும் முப்பது பேர் வந்து நிக்கிறாங்க. எங்க கூடத்துல பாய் விரிச்சா பத்துப் பேருக்கு மேல உட்கார முடியாது. யாரை விடுறது? வர்ற குழந்தைகளை என்ன செஞ்சு உட்கார வைக்கிறது? பலூன்னாலே பயப்படுறவனுக்கு என்ன அலங்காரம் செய்யலாம்?

காகிதக்கப்பல்:
முதல்ல பட்டியலைக் குறைங்க, மத்ததெல்லாம் தானா குறையும். சாப்பாடு, தட்டு, கேக்கோட எடை, ரிட்டன் கிஃப்ட் எல்லாமே தலைக்கணக்கோடதான் ஏறும். வயசோட ஒண்ணு கூட்டிக்கிற கணக்கு ஒண்ணு உண்டு. நாலு வயசுன்னா அஞ்சு குழந்தைங்க. எங்க வீட்டுல ரெண்டு வருஷமா அப்படித்தான். "உன்கூட விளையாட யாரெல்லாம் வரணும்?"னு அவன்கிட்டயே கேளுங்க. என் பொண்ணு மூணு பேரைத்தான் சொன்னா, அதுல ஒருத்தர் அவ தாத்தா.

ஊதாப்பூ:
வகுப்புப் பிள்ளைங்க விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. பாதிப் பேரைக் கூப்பிட்டுப் பாதிப் பேரை விட்டா விட்டவங்க மனசு நோகும். ஒண்ணு எல்லாரையும் கூப்பிடணும், இல்லைன்னா ரெண்டு மூணு பேரோட நிறுத்திக்கணும். அழைப்பை வகுப்புல கொடுக்காம அந்தந்த அம்மா அப்பாவுக்கு போன்லயே சொல்லிடுங்க.

கரிச்சான்:
மழலையர் பள்ளியில பதினோரு வருஷமா வேலை பார்க்கிறேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

நேரம்தான் முதல் விஷயம். இந்த வயசுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், ரெண்டு மணிக்கு மேல போகவே கூடாது. மகன் மதியம் தூங்குறவனா இருந்தா அந்தத் தூக்கத்தைக் கலைக்காதீங்க. தூங்கி எழுந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு ஆரம்பிங்க, இல்லைன்னா காலையிலேயே வச்சிடுங்க. போன வருஷ அழுகைக்குச் சத்தம் பாதிக் காரணம்னா தூக்கம் கெட்டது மீதியா இருந்திருக்கலாம்.

குழந்தைங்க வந்ததும் விளையாட்டை ஆரம்பிக்காதீங்க. பாயில கிரேயானும் பெரிய தாளும் போட்டு வைங்க. எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் வரையட்டும். கூச்சப்படுற பிள்ளைக்கும் கைக்கு ஒரு வேலை கிடைச்சிடும். ஒரு விளையாட்டு பத்து நிமிஷம் தாண்டினா இவங்க கலைஞ்சுடுவாங்க, அதனால மூணு விளையாட்டு கைவசம் இருந்தா போதும்.

தோத்தவங்களை வெளியேத்துற விளையாட்டு வேண்டவே வேண்டாம். மியூசிக்கல் சேர்ல முதல்ல அவுட் ஆகிற பிள்ளை மிச்ச நேரம் பூரா அழும். அதையே மாத்தி ஆடலாம்: நாற்காலியை மட்டும் ஒவ்வொண்ணா எடுங்க, பிள்ளைங்க எல்லாரும் இருக்கட்டும். கடைசி நாற்காலியில எல்லாரும் நெருக்கி உட்காரப் பார்க்கும்போது வர்ற சிரிப்பு இருக்கே, அதுக்காகவே ஆடலாம். பாட்டு நின்னதும் சிலை மாதிரி நிக்கிறது இன்னொண்ணு.

சோப்புக் குமிழிக்கு, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு பங்கு, தண்ணி ஆறு பங்கு, கொஞ்சம் கிளிசரின். முதல் நாள் ராத்திரியே கலந்து வச்சா குமிழி சீக்கிரம் உடையாது. ஆனா தரை வழுக்கும், வெளியில வச்சுக்கங்க.

மழைத்துளி:
கரிச்சான், நீங்க சொன்னப்புறம்தான் யோசிச்சேன். அன்னைக்கு அவன் மதியம் தூங்கவே இல்லை, விருந்து ஆரம்பிச்சதே ராத்திரி ஏழு மணிக்கு. அவன்கிட்ட கேட்டேன், நாலு பேர் சொன்னான். அலங்காரம்தான் இன்னும் புரியலை.

காகிதக்கப்பல்:
பலூன் இல்லாட்டி ஒண்ணும் குறைஞ்சிடாது. அவன் பயப்படலைன்னாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஊதாத பலூனும் வெடிச்ச துண்டும் எட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தொண்டையில சிக்கினா மூச்சே அடைச்சிடும். ஹீலியம் நிரப்பின சாதாரண ரப்பர் பலூன் ஒரு நாள் தாங்கினாலே அதிகம், காசும் தண்டம்.

கலர் பேப்பரைப் பட்டையா வெட்டி வளையம் வளையமா ஒட்டிச் சங்கிலி செய்யுங்க. பிறந்தநாளுக்கு எத்தனை நாள் இருக்கோ அத்தனை வளையம் கொண்ட குட்டிச் சங்கிலி ஒண்ணு தனியா செஞ்சு, தினம் ஒண்ணு அவனையே கிழிக்கச் சொல்லுங்க. "இன்னும் எத்தனை நாள்?"ங்கிற கேள்விக்கு அதுவே பதில்.

தும்பி:
எல்லாரும் செலவைப் பத்திச் சொல்லிட்டீங்க, நான் மூணு எச்சரிக்கை மட்டும் சொல்றேன். முழுத் திராட்சை, பாப்கார்ன், முழுக் கொட்டைப் பருப்பு, கெட்டி மிட்டாய் இந்த வயசுக்கு ஆகாது. திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுங்க. எந்தக் குழந்தைக்கு என்ன ஒவ்வாமைன்னு கூப்பிடும்போதே கேட்டு எழுதி வச்சுக்கங்க. மெழுகுவர்த்தி எரியும்போது ஸ்னோ ஸ்ப்ரே யார் கையிலயும் இருக்கக் கூடாது, அது சட்டுனு தீப்பிடிக்கும்.

இன்னொண்ணு. 2017-ல அமெரிக்காவுல கிளெம்சன் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆய்வுல, மெழுகுவர்த்தியை ஊதி அணைச்ச கிரீம்ல பாக்டீரியா சராசரியா 1400 சதவீதம் கூடியிருந்துச்சு. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குப் பெரிய ஆபத்து இல்லைதான். யாருக்காவது சளி இருந்தா ஒரு கப் கேக்ல மெழுகுவர்த்தி வச்சு ஊதச் சொல்லிட்டு, பெரிய கேக்கைத் தனியா வெட்டிப் பரிமாறுங்க.

மழைத்துளி:
நேத்து முடிஞ்சுது. நாலு குழந்தைங்க, கூட வந்த பெரியவங்க அஞ்சு பேர். காலை பத்து மணிக்கு ஆரம்பிச்சு பதினொன்றரைக்கு அனுப்பிட்டோம். போன வருஷச் செலவுல பத்துல ஒரு பங்குதான் ஆச்சு, கடன் இல்லை.

நாற்காலி விளையாட்டை மூணு தடவை ஆடச் சொன்னாங்க. மூணாவது தடவை அவங்க அப்பாவையும் பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க. சோப்புக் குமிழியில ஒரு பாப்பா கண்ணுல தண்ணி பட்டு அழுதா, கழுவிவிட்டதும் சரியாயிட்டா. அடுத்த தடவை கையில துண்டோட பக்கத்துலயே நிப்பேன். ரிட்டன் கிஃப்ட்டா ஆளுக்கு ஒரு கிரேயான் டப்பாவும், அன்னைக்கு அவங்க வரைஞ்ச படமும் கொடுத்தோம்.

"ஹேப்பி பர்த்டே" பாட்டை மெதுவா பாடணும்னு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். அவன் என் தோள்ல ஏறவே இல்லை. தானே நின்னு ஊதினான். சங்கிலியோட கடைசி வளையத்தை மட்டும் கிழிக்க மாட்டேங்கிறான், இன்னும் சுவர்ல தொங்குது.