மூன்று வாரம் பொறுத்தால் 75 லட்சம் டாலர் மிச்சம்: நெப்ராஸ்கா பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்ட்டை அதுவரை வைத்திருக்க வேண்டுமா?

சோளக்காட்டான் | 10 செப்டம்பர் 2022, நள்ளிரவு

மெமோரியல் ஸ்டேடியத்திலிருந்து வீடு திரும்பி ஒரு மணி நேரம் ஆகிறது. சிவப்புச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஜார்ஜியா சதர்ன் 45, நம் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 42. வெற்றி உறுதி என்று நம்பி, சன் பெல்ட் என்ற சிறிய கூட்டமைப்பிலிருந்து ஓர் அணியைப் பணம் கொடுத்து வரவழைத்து, அதனிடம் 642 யார்டுகளை விட்டுக்கொடுத்துத் தோற்றிருக்கிறோம். சொந்த மைதானத்தில் 35 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்த 214 ஆட்டங்களில் ஒன்றில்கூட நெப்ராஸ்கா இதுவரை தோற்றதில்லை என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹீலியம் தட்டுப்பாடு என்று இந்த ஆண்டு முதல் புள்ளிக்குப் பறக்கவிடும் சிவப்பு பலூன்களையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பறக்கவிட்டதற்காக வருந்தவும் வழியில்லை.

மூன்று நிமிடம் மீதமிருந்தபோது நம் வீரர் கேசி தாம்சன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி 42–38 என்று ஆக்கியவுடன் எங்கள் பகுதி முழுவதும் எழுந்து ஆர்ப்பரித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும் கடிகாரப் பலகையைப் பார்த்துவிட்டு, தாம் உட்கார்ந்திருந்த சிறு மெத்தையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். "ஆட்டம் இன்னும் முடியவில்லையே" என்றார் அவருடைய மனைவி. "அதனால்தான்" என்றார் அவர். அடுத்த பதினொரு முயற்சிகளில் ஜார்ஜியா சதர்ன் 75 யார்டுகளைக் கடந்தது. 36 விநாடிகள் இருக்கையில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கைல் வான்ட்ரீஸ் தாமே எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் எடுத்தார். சமன் செய்யக் கம்பங்களுக்கு இடையே நாம் உதைத்த 52 யார்டு ஃபீல்டு கோல் தவறியபோது மெத்தைக்காரர் தம் வண்டியை அடைந்திருப்பார்.

என் கேள்விக்கு வருகிறேன். ஃபிராஸ்ட்டை இன்று நீக்கினால் ஒப்பந்தப்படி அவருக்கு 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும். அக்டோபர் 1 வந்துவிட்டால் அது 75 லட்சமாகக் குறைகிறது. இடையில் இருப்பது 17ஆம் தேதி ஓக்லஹோமாவுடன் ஓர் ஆட்டமும் ஆட்டமே இல்லாத ஒரு வாரமும்தான். பொறுத்திருப்பது புத்திசாலித்தனமா, அல்லது இனி ஒரு நாள் தாமதிப்பதும் தவறா? கோபத்தைக் கொட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே எனக்குத் தெளிவில்லை.

கணக்குப்பிள்ளை | 11 செப்டம்பர், காலை 6.40

பொறுக்க வேண்டும் என்பதே என் பதில், அதைச் சங்கடமில்லாமல் சொல்கிறேன். இருபது நாளில் 75 லட்சம் டாலர் என்றால் நாளொன்றுக்கு 3,75,000 டாலர். அந்த ஒரு நாள் பணத்தில் நல்ல துணைப் பயிற்சியாளர் ஒருவருக்கு ஓர் ஆண்டுச் சம்பளம் கொடுத்துவிடலாம். ஓக்லஹோமாவுடன் யார் நின்றாலும் தோற்கத்தான் போகிறோம். தோற்பது ஃபிராஸ்ட்டாகவே இருக்கட்டுமே.

இந்தக் கடன் எப்படி ஏறியது என்பதையும் மறக்கக்கூடாது. 2017 டிசம்பரில் ஏழு ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அது பாதிகூட ஓடாத நிலையில், 2019 நவம்பரில், அணி நான்கு வெற்றி ஐந்து தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்த வாரத்தில், அன்றைய விளையாட்டுத் துறை இயக்குநர் பில் மூஸ் அதை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்து 2026 வரை கொண்டுபோனார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சென்ற நவம்பரில் புதிய இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ், ஃபிராஸ்ட்டை நீக்காமல் சம்பளத்தை 50 லட்சத்திலிருந்து 40 லட்சமாகக் குறைத்து, விடுவிப்புத் தொகை அக்டோபர் 1 அன்று பாதியாகும்படி எழுதி வாங்கினார். அது அவர் வாதாடிப் பெற்ற தேதி. அதற்கு இருபது நாள் இருக்கும்போது காசோலையை நீட்டினால், அந்தப் பேரத்தை ஏன் நடத்தினோம் என்று அவரே விளக்க வேண்டியிருக்கும்.

பழைய டிக்கெட்டுக்காரர் | 11 செப்டம்பர், காலை 8.15

தம்பி கணக்குப்பிள்ளை, கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் 2021 நவம்பரில் எடுத்திருக்க வேண்டிய முடிவை எடுக்காமல் விட்டதற்கான வட்டியைத்தான் நாம் இப்போது விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அன்று ஏன் எடுக்கவில்லை என்றால், அவர் நம்முடைய பிள்ளை.

1997இல் நான் இங்கே மாணவன். மிசௌரி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், அப்போது நம் அணியில் ஆடிய ஃபிராஸ்ட் வீசிய பந்து ஒருவர் காலில் பட்டு எகிற, மாட் டேவிசன் அதைத் தரையைத் தொடுமுன் பாய்ந்து பிடித்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 45–38 என்று வென்றோம். அந்த ஆண்டு பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்னுக்குக் கடைசி ஆண்டு, மிச்சிகனுடன் பகிர்ந்துகொண்டாலும் தேசியப் பட்டம் பட்டம்தான். உட் ரிவர் என்ற சிற்றூரிலிருந்து வந்த அந்தக் குவார்ட்டர்பேக் இருபது ஆண்டுகள் கழித்து சென்ட்ரல் ஃபுளோரிடா அணியைப் பதின்மூன்று வெற்றி, தோல்வியே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுபோய்விட்டு நம் லிங்கன் நகருக்குத் திரும்பியபோது, உள்ளூர் மாடு விலை போகாது என்ற பழமொழியை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பொய்யாக்கினோம். விலை கேட்காமலே வாங்கினோம் என்றும் சொல்லலாம்.

அதற்கு முன் எந்தப் பயிற்சியாளர்களையெல்லாம் அனுப்பினோம்? ஃபிராங்க் சோலிச்சை 2003இல் ஒன்பது வெற்றி மூன்று தோல்வி என்ற நிலையில் அனுப்பினோம். ஏழு ஆண்டுகளும் ஒன்பது வெற்றிக்குக் குறையாத போ பெலினியை 2014இல் அனுப்பினோம்; அவருடைய கோபக் குணம் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. ஒன்பது வெற்றி போதாது என்று இருவரை நீக்கிய ஊர், வெற்றி–தோல்வி 4–8, 5–7, 3–5, 3–9 என்று வரிசையாக நான்கு பருவங்கள் பார்த்த பிறகும் "அடுத்த ஆண்டு சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரராக இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டே மூட்டை கட்டச் சொல்லியிருப்போம்.

துரதிர்ஷ்டம் என்று வாதிடுபவர்கள் 2021ஐத்தான் காட்டுகிறார்கள். அந்த ஆண்டின் ஒன்பது தோல்விகளில் ஒன்றுகூட ஒன்பது புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் அமையவில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே இரண்டாம் பாதி முழுவதும் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு முன்னேற்றம்) எடுக்கவிடாமல் நம் தடுப்பணி மடக்கி வைத்திருந்தது. 20–13 என்று முன்னிலையில் இருந்தபோது நம் பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுத் தொலைவாக உதைப்பது) ஒரு பக்கம் போனது, அதைத் தடுக்க ஓடியவர்கள் மறுபக்கம் போனார்கள், ஜெய்டன் ரீட் 62 யார்டு ஓடிச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் தோற்றோம். அயோவாவுடன் 21–6 என்று முன்னிலை. கடைசிக் காற்பகுதியில் பன்ட் தடுக்கப்பட்டு அதுவே டச்டவுன் ஆகி, 28–21 என்று முடிந்தது. இந்த ஆகஸ்டு 27 அன்று டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28–17 என்று பதினொரு புள்ளி முன்னிலையில் இருந்தவர், யாரும் கேட்காத ஓர் ஆன்சைடு கிக்கை (பந்தைத் தாமே மீட்கக் குட்டையாக உதைப்பது) அடிக்கச் சொல்லிப் பந்தை எதிரணியின் கையில் கொடுத்தார்; அதையும் 31–28 என்று இழந்தோம். ஒரே கல்லில் ஒருவன் ஒருமுறை இடறினால் பாவம் எனலாம். எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் ஃபிராஸ்ட்டின் கணக்கு ஐந்து வெற்றி, இருபத்திரண்டு தோல்வி. இதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் அன்று, பழக்கம்.

முன்வரிசை முதியவர் மெத்தையைச் சுருட்டியது அதனால்தான். இன்றே அனுப்ப வேண்டும்.

ஒமாஹாவாசி | 11 செப்டம்பர், காலை 9.30

ஆல்பர்ட்ஸ் காத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 1993இல் சிறந்த லைன்பேக்கருக்கான (தடுப்பு வீரர்) பட்கஸ் விருது வாங்கிய நெப்ராஸ்கா வீரர் என்பதால் அவரைப் பாசக்காரர் என்று பலர் எண்ணுகிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒமாஹா வளாகத்தில் விளையாட்டுத் துறையை நடத்தியபோது, 2011இல் அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியையே மூடியவர் அவர். மல்யுத்தத்தையும் சேர்த்து மூடினார். இந்த ஊரில் அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று வாரங்களுக்கு முன் நம் அணி ஆடும் பிக் டென் கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சிகள் மூன்றுடனும் செய்துகொண்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேற்பட்டது. அந்த வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தவர்களுக்கு 75 லட்சம் தூக்கத்தைக் கெடுக்கும் தொகை அன்று. அதைவிட, 1962 நவம்பரிலிருந்து ஓர் இருக்கைகூட விற்காமல் போனதில்லை என்ற வரிசை அறுந்துவிடுமோ என்பதே அவர்களுக்கு அச்சம். சென்ற ஆண்டு ஃபோர்டாம் ஆட்டத்துக்கு மிஞ்சிய டிக்கெட்டுகளைக் கொடையாளர்கள் வாங்கி, வசதியற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் அதைக் காப்பாற்றினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அதை எத்தனை முறை செய்ய முடியும்?

காலத்துக்கும் ஒரு விலை உண்டு. நேற்று நம்மை வென்ற கிளே ஹெல்டன் யார்? சரியாக ஓராண்டுக்கு முன் யுஎஸ்சி பல்கலைக்கழகம் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு நீக்கிய பயிற்சியாளர். அவசரம் என்று அன்று பலர் திட்டினார்கள். ஆனால் அவர்களுக்குத் தேடுவதற்கு இரண்டரை மாதம் கிடைத்தது. நவம்பர் இறுதியில் ஓக்லஹோமாவிலிருந்து லிங்கன் ரைலியைக் கொண்டுபோய்விட்டார்கள். பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் முதல் தவணை டிசம்பரில் வருகிறது. அதற்குள் புதியவர் வந்து வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றிரவு வெளியேறும் வழியில் ஃபிராஸ்ட்டின் குடும்பத்தைப் பற்றிச் சிலர் கத்தியதைக் கேட்டேன். பன்ட்டைச் சரியாக அடிக்கச் சொல்லித்தராததற்கு அவர் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சோளக்காட்டான் | 11 செப்டம்பர், மாலை 5.20

முடிந்துவிட்டது. ஆல்பர்ட்ஸ் இன்று அவரை நீக்கிவிட்டார், முழு 1.5 கோடி டாலர். பதினாறு வெற்றி, முப்பத்தொரு தோல்வி. மீதமுள்ள ஆட்டங்களுக்கு மிக்கி ஜோசப் இடைக்காலப் பயிற்சியாளர்; அவரும் இங்கே குவார்ட்டர்பேக்காக ஆடியவர்தான், ஆகவே பிள்ளைப் பாசம் முற்றிலும் போய்விடவில்லை.

மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பரணில் 2018இல் வாங்கிய ஒரு சட்டை இருக்கிறது. ஃபிராஸ்ட் வந்த முதல் ஆண்டு, ஆறு ஆட்டங்களை வரிசையாகத் தோற்ற பிறகும் அதைப் போட்டுக்கொண்டு போனேன். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை | 11 செப்டம்பர், மாலை 6.05

நாளொன்றுக்கு 3,75,000 டாலர் என்ற என் கணக்கை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஓக்லஹோமா ஆட்டத்துக்கான என் இரண்டு டிக்கெட்டுகளை நேற்றிரவே விற்பனைக்குப் போட்டிருந்தேன். செய்தி வந்த பத்தாவது நிமிடம் அந்த விளம்பரத்தை நானே எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஆட்டம். ஒரு டிக்கெட் மிச்சமிருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

பழைய டிக்கெட்டுக்காரர் | 11 செப்டம்பர், மாலை 6.30

எனக்கு என் இருக்கை இருக்கிறது. சோளக்காட்டானைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2018 சட்டையைப் போட்டுக்கொண்டு வரட்டும், நிறம் சிவப்புதானே.