ஒரு நோடை இழுத்தால் எங்கோ இருக்கும் வளைவும் சேர்ந்து ஆடுகிறது, அவசர உதவி

செக்கடி:
வணக்கம். கணினியில் ஒரு எழுத்தை வரைந்துகொண்டிருக்கிறேன், வளைவு சரியாக வரவில்லை. ஒரு நோடைப் (கோட்டின் துண்டுகள் சேரும் புள்ளி) பிடித்து லேசாக நகர்த்தினால் அந்த இடம் சரியாகிறது, ஆனால் எழுத்தின் மறுபக்கம் கோணலாகிவிடுகிறது. அதைச் சரிசெய்யப் போனால் இந்தப் பக்கம் மறுபடியும் கெடுகிறது. நோடிலிருந்து நீளும் ஹேண்டிலை, அதாவது வளைவைத் திருப்பும் பிடியை, இழுத்தாலும் கோடு அது சொல்வதைக் கேட்பதில்லை. இரண்டு இரவு இதிலேயே போய்விட்டது. வெள்ளிக்கிழமை லேசர் வெட்டுபவரிடம் கோப்பைக் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைகோடு:
என்ன மென்பொருள்? எந்தப் பதிப்பு? பேனா கருவியில் வரைந்ததா, படத்தைக் கொடுத்து மென்பொருளையே கோடு எடுக்கவைத்து டிரேஸ் செய்ததா? ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், நோடுகள் தெரியும்படி.

நெளிவு:
டிரேஸ் செய்திருப்பீர்கள், வேறொன்றும் இல்லை. போட்டோவை அப்படியே டிரேஸ் பிட்மேப்பில் போட்டால் ஒரு எழுத்துக்கே நூறு இருநூறு நோடுகள் வந்து குவியும், ஒன்றை நகர்த்தினால் பக்கத்தில் இருப்பது கூம்பாக நிற்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எல் அழுத்துங்கள், தேவையில்லாத நோடுகள் போய்விடும். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுத்திருக்கிறது.

கோணமானி:
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. நோடு வகைகள் நான்கு: கூர்முனை, மென்மை, சமச்சீர், தானியங்கி. ஷிஃப்ட்டோடு சி, எஸ், ஒய், ஏ. உங்கள் நோடு சமச்சீர் வகையில் இருக்கும், அதனால் ஒரு பக்க ஹேண்டிலை இழுத்தால் மறுபக்க ஹேண்டிலும் நீள்கிறது. இந்த அடிப்படையைக்கூடப் படிக்காமல் லேசர் வெட்டு வேலையை ஏற்றுக்கொள்வது சரியல்ல. முதலில் ஒரு வட்டத்தையும் ஒரு சதுரத்தையும் பாத்தாக, அதாவது நோடுகள் கொண்ட கோடாக, மாற்றி ஒரு வாரம் பழகிவிட்டு வாருங்கள்.

செக்கடி:
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். இங்க்ஸ்கேப் 1.2. டிரேஸ் செய்யவில்லை, போட்டோவை அடியில் வைத்துப் பேனா கருவியால் கையாலேயே சுற்றி வரைந்தேன். மொத்தமே பதினோரு நோடுகள்தான். நெளிவு சொன்னபடி கன்ட்ரோல் எல் அழுத்தினேன், உருவமே நசுங்கிவிட்டது, அன்டூ செய்துவிட்டேன். ஷிஃப்ட் எஸ், ஷிஃப்ட் சி இரண்டும் செய்து பார்த்தேன், தூரத்தில் இருக்கும் வளைவு அப்போதும் ஆடுகிறது.

மரப்பலகை:
தமிழ் எழுத்துதானே? நல்ல ஃபான்ட் ஒன்றில் தட்டிவிட்டு ஷிஃப்ட் கன்ட்ரோல் சி கொடுத்தால் பாத்தாகிவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு?

செக்கடி:
ஃபான்டில் அந்த எழுத்து இல்லை. தாத்தா வைத்திருந்த 'எண்ணெய் ஆலை' போர்டு அது. தகரம் துருப்பிடித்து உதிர்கிறது, அப்பாவுக்கு அதே எழுத்தில் அக்ரிலிக்கில் வெட்டிப் புது போர்டு மாட்ட வேண்டும் என்று ஆசை. 'ஆலை'யில் வருவது பழைய லை, ல-வோடு யானைத் தும்பிக்கை போன்ற வளைவு ஒட்டியது. என்னிடம் இருக்கும் எல்லா ஃபான்ட்டிலும் இப்போதைய லை-தான் வருகிறது. அந்தத் தும்பிக்கை இறங்கும் இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தூரிகை:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது மாறிய பதின்மூன்று எழுத்துகளில் லை-யும் ஒன்று. ணை, ளை, னை, றா, ணா எல்லாம் அந்த வரிசைதான். யுனிகோடில் பழைய லை-க்கும் புதிய லை-க்கும் ஒரே குறியீடு, எந்த உருவம் காட்டுவது என்பது ஃபான்ட்டின் கையில். பழைய உருவம் வைத்த ஃபான்ட் தேடினால் கிடைக்கலாம், ஆனால் அது உங்கள் தாத்தா போர்டில் இருக்கும் லை ஆகாது. நான் இருபத்திரண்டு வருடம் போர்டு எழுதியவன். அந்தத் தும்பிக்கையைத் தட்டைப் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் இறக்குவோம். இறங்கும்போது பிரஷ் தானாகத் திரும்பும், அதனால் நடுவில் தடித்து நுனியில் மெலியும். அந்தத் தடிப்பை விட்டுவிடாதீர்கள்.

புள்ளிக்கோலம்:
ஸ்னாப்பிங் ஆன் ஆகி இருக்கும். நீங்கள் நகர்த்தும் நோடு போய் வேறெதிலோ ஒட்டிக்கொள்ளும். சதவீதக் குறி விசையை அழுத்தி அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வரைகோடு:
ஸ்னாப்பிங் என்றால் நகர்த்தும் நோடுதான் துள்ளும், தூரத்தில் இருப்பது ஏன் ஆட வேண்டும்? செக்கடி, ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நோடும் ஹேண்டிலும் வைத்து வரையும் சாதாரண பெசியே பாத்தில் ஒரு நோடை நகர்த்தினால் அதன் இரண்டு பக்கமும் உள்ள துண்டுகள் மட்டும்தான் மாறும், அதற்கு அப்பால் ஒரு மயிரிழைகூட அசையாது. உங்களுக்கு அப்பாலும் அசைகிறது என்றால் அது சாதாரண பாத் இல்லை. செலக்ட் கருவியால் எழுத்தை ஒருமுறை சொடுக்குங்கள், திரையின் அடியில் ஒரு வரி வரும். அதில் என்ன எழுதியிருக்கிறது?

செக்கடி:
பாத், 11 நோடுகள், பாத் எஃபெக்ட்: ஸ்பைரோ ஸ்ப்லைன் என்று இருக்கிறது. நான் எந்த எஃபெக்டும் போடவில்லையே.

வரைகோடு:
அதுதான். பேனா கருவியை எடுத்ததும் மேலே இடது ஓரத்தில் மோட் என்று சில சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். முதலாவது சாதாரண பெசியே, இரண்டாவது ஸ்பைரோ. எப்போதோ கை பட்டு இரண்டாவதை அழுத்தியிருப்பீர்கள், இங்க்ஸ்கேப் அதை நினைவில் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு நீங்கள் வரைந்த எல்லாவற்றையும் ஸ்பைரோவாகவே வரைந்திருக்கிறது.

ஸ்பைரோவில் நீங்கள் வைக்கும் புள்ளிகள் வழியாக மிக வழுவழுப்பான கோடு எது என்று மென்பொருளே மொத்தமாகக் கணக்குப் போடும். ஒரு புள்ளி மாறினால் கணக்கு முழுவதும் மாறும், அதனால்தான் மறுகோடி ஆடுகிறது. ஹேண்டில்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை, அதனால் இழுத்தாலும் கேட்காது. கோப்புக்குள்ளேயும் இரண்டு கோடுகள் இருக்கும், நீங்கள் வைத்த மூலக்கோடு ஒன்று, அதிலிருந்து கணக்கிட்டு வரைந்தது இன்னொன்று. நீங்கள் பிடித்து இழுப்பது முதலாவதை, கண்ணில் படுவது இரண்டாவது.

செய்ய வேண்டியது: கன்ட்ரோல் டி கொடுத்து ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதற்குப் பிறகு ஸ்பைரோவுக்குத் திரும்ப வழியில்லை. அப்புறம் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் கன்ட்ரோல் சி. எஃபெக்ட் கரைந்து சாதாரண பாத்தாகிவிடும். பேனாவின் மோடையும் முதல் பொத்தானுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த எழுத்திலும் இதே கதைதான்.

கோணமானி:
ஸ்பைரோ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்பைரோவைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ராஃப் லெவியன் அதை எழுத்துரு வரைவதற்காகவே செய்தார், இன்கான்சொலாட்டா ஃபான்ட் அதில் வரைந்ததுதான். நேர் ரயில் பாதை திருப்பத்துக்குள் நுழையும் இடத்தில் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்களே, அந்த ஆய்லர் சுருள்தான் இதற்கு அடிப்படை. பெசியே வேறு இடத்திலிருந்து வந்தது: சித்ரோயனில் த காஸ்டல்ஜோ, ரெனோவில் பெசியே, இருவரும் கார் உடம்பை வரைவதற்காகத் தனித்தனியே கண்டது.

பாத்தாக மாற்றியதும் நோடுகள் பெருகிவிடும், செக்கடி எண்ணிப் பார்க்கட்டும். டெலீட் விசையால் ஒவ்வொன்றாக எடுத்தால் இங்க்ஸ்கேப் உருவத்தைக் காப்பாற்றப் பார்க்கும். மிச்சம் வைக்க வேண்டியது வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி மட்டும். ஒரு முழு வட்டத்துக்கே நான்கு நோடுகள் போதும், ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் சுமார் 0.552 பங்கு. ஹேண்டிலைக் கன்ட்ரோல் பிடித்துக்கொண்டு இழுத்தால் 15 பாகைப் படிகளில் நிற்கும், கிடையாகவோ செங்குத்தாகவோ வைத்துவிடுங்கள். எழுத்துச் சுழி வட்டமாகவும் சமமாகவும் வர வேண்டும்.

தூரிகை:
கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. போர்டில் கையால் எழுதிய எண்ணெய்யைப் பாருங்கள், இரண்டு ண இருக்கும், அவற்றின் சுழிகள் ஒன்றுபோல் இருக்காது. முதலாவது எழுதும்போது பெயின்ட் நிறைய இருக்கும், அடுத்ததில் குறைந்திருக்கும், போர்டின் ஓரம் நெருங்க நெருங்க கை தானாக எழுத்தை ஒடுக்கும். அதையெல்லாம் சமமாக்கிவிட்டால் கிடைப்பது ஒரு ஃபான்ட். அந்தக் குடும்பம் கேட்பது தாத்தா போர்டை.

கோணமானி:
கை நடுக்கத்தைக் காப்பாற்றுவது கலை ஆகாது. நோடுகள் அதிகமானால் வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு துண்டிலும் தயங்கும், விளிம்பு பல்பல்லாக வரும். சீரான கோடுதான் நல்ல வெட்டு.

தூரிகை:
நடுக்கத்தைச் சொல்லவில்லை, சுழியின் அளவைச் சொல்கிறேன். நடுக்கத்துக்குத்தான் நோடுகள் நிறைய வேண்டும். பெரிய சுழிக்கு நான்கு, சிறிய சுழிக்கும் நான்கு, இயந்திரத்துக்கு அதில் என்ன கஷ்டம்?

கணுக்கரும்பு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இழை முழுக்க நோடு நோடு என்றே ஓடுகிறது. கணு என்று எழுதலாமே? கரும்பிலும் மூங்கிலிலும் துண்டும் துண்டும் சேரும் இடம் கணு. இங்கேயும் அதே பொருள்தான்.

நெளிவு:
அழகாக இருக்கிறது, ஆனால் மெனுவில் நோடு என்றுதான் வரும். புதிதாக வருபவர் கணுவைத் தேடி அலைவார்.

கணுக்கரும்பு:
மெனுவை மொழிபெயர்க்கும்போது மாற்றலாம். நாம் எழுதிப் பழகாவிட்டால் மொழிபெயர்ப்பவருக்கு எங்கிருந்து சொல் கிடைக்கும்?

வரைகோடு:
கணுவுக்குத் தனி இழை திறங்கள், நானும் வருகிறேன். செக்கடி, கோடிகளைக் கண்ணால் தேட வேண்டாம். வளைவுத் துண்டின் இரண்டு பக்க நோடுகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு, நோடு கருவியில் நோடு சேர்க்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்துங்கள். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இருக்கும், சரியான இடத்தில் அதுவே வைத்துவிடும். முதலில் அவற்றைச் சேர்த்துவிட்டு அப்புறம் மற்றதை நீக்குங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எழுத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி வரைந்தீர்களா, நடுவில் ஒரே கோடு இழுத்து ஸ்ட்ரோக்கை, அதாவது கோட்டின் அகலத்தை, தடிமனாக்கினீர்களா? இரண்டாவது என்றால் திரையில் எழுத்தாகத் தெரியும், லேசர் அந்த நடுக்கோட்டை மட்டும்தான் வெட்டும். கன்ட்ரோல் ஆல்ட் சி கொடுத்து ஸ்ட்ரோக்கைப் பாத்தாக்க வேண்டியிருக்கும்.

தூரிகை:
நடுக்கோடு என்றால் தும்பிக்கையின் தடிப்பும் கிடைக்காது, எல்லா இடத்திலும் ஒரே அகலம்தான் வரும். தம்பி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரப்பலகை:
செக்கடி, என்ன ஆயிற்று? வெள்ளிக்கிழமை போய்விட்டதே.

செக்கடி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ஸ்பைரோதான் காரணம். லை மட்டும் வெளிவிளிம்பு, மற்ற எழுத்துகளை நடுக்கோடாகத்தான் இழுத்திருந்தேன், கேட்டதால் தப்பித்தேன். அவற்றை எல்லாம் முதலிலிருந்து வரைந்தேன். பாத்தாக மாற்றியதும் லை-யில் 40 நோடுகளுக்கு மேல் இருந்தன, 14-க்குக் கொண்டுவந்தேன். இரண்டு ண-வின் சுழிகளையும் போர்டில் இருக்கிற மாதிரியே விட்டுவிட்டேன். வெட்டி வந்துவிட்டது, அப்பா லை-யைத் தனியாகக் கையில் எடுத்து விரலால் தும்பிக்கையைத் தடவிப் பார்த்தார். மாட்டியதும் படம் போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.