மறு: ‘மழை ஊசல்’ – ‘மழைப்புரள்வு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

மழை ஒரேயடியாகக் கொட்டுவதும் பொய்ப்பதுமாக மாறுவதற்கு நீங்கள் சொன்ன ‘மழை ஊசல்’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஊசல் என்றதும் பள்ளியில் படித்த தனி ஊசல் நினைவுக்கு வருகிறது. அது நேரம் தவறாமல் போய்த் திரும்பும். மழைக்கு அந்த ஒழுங்கு ஏது? ‘அலைவு’க்கும் இதே குறைதான்.

தவிர, இரண்டு கருத்துகளை ஒரே சொல்லில் கட்டப் பார்க்கிறோம். முப்பது ஆண்டு மழைக்கணக்கு சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பது ஒன்று. அதற்கு ‘மழை மாறுபாடு’ போதும். அந்தச் சிதறலை அளக்கப் பாடநூலில் ‘மாறுபாட்டுக் கெழு’ இருக்கவே இருக்கிறது. வெள்ளம் வடிந்த கையோடு வறட்சி வருவதும், வறட்சி முடிந்த கையோடு வெள்ளம் வருவதும் வேறு. ஆங்கிலத்தில் ‘விப்லாஷ்’ என்கிறார்கள். ‘சாட்டையடி’ என்று பெயர்த்தால் யாருக்கும் மழை நினைவுக்கு வராது.

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியையே பாருங்கள். 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். மறு ஆண்டே மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2019 ஜூனில் அதே ஏரிக்குள் நடந்தே போனேன். பாளம்பாளமாக வெடித்த மண், வெடிப்புக்குள் வெளுத்த நத்தை ஓடு. 24 அடி நீர் நிற்க வேண்டிய ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

இதை ‘மழைப்புரள்வு’ எனலாமா? ஆறு கரைபுரளும், படுத்தவர் மறுபக்கம் புரள்வார். இரண்டு பொருளும் உள்ளே இருக்கின்றன. ‘பேஞ்சும் கெடுக்கும், காஞ்சும் கெடுக்கும்’ என்று ஊரில் சொல்வதும் இதைத்தானே?

—

தம்பி, ஊசலை விட்டுவிடுகிறேன். ஆனால் சராசரியிலிருந்து விலகுவதைச் சிலர் ‘பிறழ்வு’ என்று எழுதுகிறார்கள். பிறழ்வும் புரள்வும் ஒரே பக்கத்தில் வந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் திண்டாடிப்போவார். எந்தப் பக்கம் புரண்டது என்பதும் தெரிய வேண்டாமா?

—

நியாயம்தான் ஐயா. விலகுவதற்கு ‘விலக்கம்’ என்றே வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. திசைக்கு வறட்புரள்வு, வெள்ளப்புரள்வு என்று பிரிக்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பின் வந்தது வறட்புரள்வு. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியதே, அதை உடனே வெள்ளப்புரள்வு என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு முன் அங்கே வறட்சி இருந்ததா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். இந்த வரம்பையும் சொல்லுக்குக் கீழேயே குறித்துவிடுவோம்.